மாற்று ஆள் வரும்வரை

ஷ்பயர்,
ஜெர்மனி, செப்டம்பர் 19

அன்பு மகள் ஸ்வென்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் அப்பா தோட்டத்தில் ப்ளம் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எந்தக் கிளையை வெட்ட வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார். போனில் பேசினால் அருகில் வந்து நின்று நான் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் திருத்தம் சொல்கிறார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தை எட்டிப் பார்க்க அவருக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கப்பல் பட்டறையில் உன்னை ஒரு பிரிவுக்கே தலைவியாக்கப் போகிறார்களாம். நீயோ அது வேண்டாம் என்று சொல்லி, நார்வேயை மூட்டை கட்டிவிட்டு, அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் புத்தாண்டுக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்கிறாய். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. இரண்டும் ஓய்ந்த பிறகுதான் எழுதுகிறேன். ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதே. நீ ராப்பகலாய்ப் படித்து, அந்தக் குளிரில் வெல்டர்களோடு மல்லுக்கட்டி வாங்கிய பேர் இது. உன் அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிடுவதற்காக அதை விட்டுவிட்டு வந்தால், என்னை நானே மன்னிக்க மாட்டேன். நம் கையில் ஒரு வழி இருக்கிறது, கொஞ்சம் பொறு.

நீ அப்போது வடக்கே போய்விட்டாய், அதனால் உனக்கு இது தெரியாது. அப்பா வேலை பார்த்த சாயத் தொழிற்சாலையில் சங்கமும் நிர்வாகமும் பேசி முடித்து, எல்லாத் தொழிலாளருக்கும் பராமரிப்புக் காப்பீடு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கூடுதல் விடுமுறை, கேன்டீன் சாப்பாடு என்பதுபோல இதுவும் ஒரு சலுகை. வயதாலோ நோயாலோ ஒருவர் தன் காரியத்தைத் தானே செய்துகொள்ள முடியாமல் போனால், அரசாங்கக் காப்பீடு கொடுப்பதற்கு மேலே இதுவும் கொடுக்கும். கட்ட வேண்டியதைக் கம்பெனியே கட்டிவிடும். உனக்கு என்ன வியாதி, உன் தாத்தாவுக்கு என்ன வியாதி என்று ஒரு கேள்வி கிடையாது. வேலையில் இருந்தால் போதும், நீயும் உள்ளே. ஓய்வு பெற்ற பிறகு நம் காசில் கட்டித் தொடரலாம், நாங்களும் தொடர்ந்தோம்.

இதைக் கேன்டீனில் கூட்டம் போட்டு விளக்கியவள் செலிஹா. சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், தொழிலாளர் குழுவில் இருக்கிறாள், வாய் கொஞ்சம் அதிகம், மனசு அதைவிட அதிகம். அவள் பேசி முடித்ததும் உன் அப்பா எழுந்து நின்று, "ஏம்மா, சம்பளத்தைக் கூட்டச் சொன்னா சக்கர நாற்காலி வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டாராம். மொத்தக் கேன்டீனும் சிரித்திருக்கிறது. செலிஹா விடவில்லை. "வேண்டாம்னா எழுதிக் குடுங்க ஃபோர்மேன், உங்க பங்கையும் சேத்து நான் நூறு வயசு வரைக்கும் படுத்துக்கறேன்" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார் மனிதர். மறுவருஷம் காபிக் கோப்பை தட்டில் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. நடுக்குவாதம் என்று டாக்டர் பெயர் வைத்த பிறகு எந்தக் காப்பீட்டுக்காரன் நம் வாசல் ஏறியிருப்பான்? சிரித்தவரைக் காப்பாற்றக் காத்திருப்பது அவர் சிரித்த அதே காப்பீடுதான்.

ஒரே ஒரு படி பாக்கி. அரசாங்கக் காப்பீட்டிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து, இவருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று பார்த்து ஒரு நிலை கொடுப்பார். ஒன்றிலிருந்து ஐந்துவரை நிலைகள். இரண்டாவது நிலையாவது கிடைத்தால்தான் தொழிற்சாலைக் காப்பீடும் கதவைத் திறக்கும். அது கிடைத்தால் தினமும் காலையில் ஆள் வரும், நீ வர வேண்டியதில்லை.

அப்படிப் பார்க்க வேண்டிய அம்மாள் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டுப் போய்விட்டாள். எவ்வளவு நன்றாக நடந்தது தெரியுமா? முந்தின வாரமே ஜன்னல்களைத் துடைத்துவிட்டேன். திரைச்சீலை துவைத்தேன். நம் வீட்டு மரத்து ப்ளம் போட்டு கேக் சுட்டேன், கூடவே உருளைக்கிழங்கு சூப்பும். அப்பாவுக்கு நானே சவரம் செய்து, மீசையைக் கத்தரித்து, அந்த நீலச் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டுவிட்டேன். மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து அவளை வரச் சொல்லியிருந்தேன். மனிதர் கேட் வரை நடந்துபோய் அவளை வரவேற்றார். வலது கையால் கேக்கை வெட்டித் தட்டில் வைத்தார். தானாக உடுத்திக்கொள்ள முடியுமா என்று கேட்டதற்கு, அதெல்லாம் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டேன் என்றார். குளிக்க உதவி வேண்டுமா என்றதற்கு, "மழை பெஞ்சா நனையறதுக்குத் துணைக்கு ஆள் கூப்பிடுவாங்களா?" என்றார். அவள் சிரித்துவிட்டாள். என்னைக் கேட்டாள், சமாளிக்கிறோம் என்றேன். இரண்டு துண்டு கேக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினேன். அவளுக்குப் பரம திருப்தி. அவள் கார் திருப்பத்தில் மறைந்ததும் அப்பா எனக்குக் கை கொடுத்தார், ஷிஃப்ட் முடிந்தவர் மாதிரி.

மறுநாள் முழுக்க அவரால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. சூப்பை நான்தான் ஊட்டினேன். அதனால் என்ன, வந்தவள்தான் போய்விட்டாளே.

எனவே கவலைப்படாதே. நல்ல செய்தி வந்ததும் எழுதுகிறேன். கம்பளி உள்ளுடை போட்டுக்கொள், மீனை மட்டுமே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் அப்பா சொல்கிற மாதிரி, எல்லாம் ஒழுங்கு.

உன் நலமே நினைக்கும்
அம்மா


ஷ்பயர்,
அக்டோபர் 14

அன்பு ஸ்வென்யா,

நல்ல செய்தி என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. முதல் நிலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். "அன்றாடக் காரியங்களைப் பெரும்பாலும் தானே செய்துகொள்கிறார்" என்று எழுதியிருக்கிறது. தொழிற்சாலைக் காப்பீடு அசையாது. காலையில் ஆள் வராது.

உன் அப்பாவுக்கு அதில் என்ன சந்தோஷம் என்கிறாய். நீ அனுப்பிய கலங்கரை விளக்குக் காந்தத்தைப் போட்டு அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டார். "பாத்தியா ரோஸி, நான் நோயாளி இல்லைன்னு முத்திரை குத்தியே குடுத்துட்டாங்க" என்று பால் எடுக்கப் போகும்போதெல்லாம் படித்துக் காட்டினார். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. வெட்டிக் கௌரவம் பார்க்கிற வீட்டில் நானும் ஒருத்திதானே.

சனிக்கிழமை காலை, முத்திரை குத்திய ஆரோக்கியம் ஆயிற்றே என்று, என்னைக் கூப்பிடாமல் தனியாகக் குளிக்கப் போனார். சத்தம் கேட்டு ஓடினேன். தொட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை, முதலில் அதைத் தெரிந்துகொள். இடுப்பில் மட்டும் கன்றிப்போயிருக்கிறது. என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. இழுத்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், திட்டிக்கூடப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து துண்டை அக்குளில் கொடுத்துத் தூக்கினார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, உன் அப்பா அவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? தரை டைல்ஸுக்கு இடையில் பூசணம் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாராம்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், வந்துவிடு என்று உனக்கு எழுதிவிடலாமா என்று தோன்றியது. எழுதவில்லை. செலிஹாவைக் கூப்பிட்டேன்.

திங்கட்கிழமை வேலை முடிந்து, தொழிற்சாலைச் சட்டையோடேயே வந்தாள். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தாளைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, கேக் சுட்டீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஜன்னல் துடைத்தீர்களா என்றாள். ஆமாம் என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எங்கே போனாலும் இதே கதைதான் என்கிறாள். ஆண்டுமுழுக்க எழுந்திருக்காத மனுஷன் அன்றைக்கு மட்டும் எழுந்து நிற்பானாம், ஆண்டுமுழுக்க அழுகிற பெண்டாட்டி அன்றைக்கு மட்டும் சமாளிக்கிறோம் என்பாளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வித்தையில் நம் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லையாம். கேக்கும் சூப்பும் வைத்து உபசரித்து, உங்களுக்கு உதவி வேண்டாம் என்று நீங்களே அந்த அம்மாளை நம்பவைத்து அனுப்பியிருக்கிறீர்கள், அவள்மேல் என்ன தப்பு என்றாள்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் அவள் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை. எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொழில் விஷயம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஃபோர்மேன், ஒரு பம்பு கசியுது. வெளிய போற ஷிஃப்ட்காரன் அதைத் துணியால தொடச்சிட்டு, எல்லாம் ஒழுங்குன்னு ஒப்படைச்சிட்டுப் போறான். அவனை என்ன பண்ணுவீங்க?"

அப்பா யோசிக்கவே இல்லை. "கேட்டுக்கு வெளிய நிறுத்துவேன். தொடச்சு வெச்ச கசிவாலதான் ஆளு சாகறான்" என்றார்.

அவள் பார்வை அவர் சட்டைக்கு இறங்கியது. நான் காலையில் அவசரத்தில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன், சட்டை ஒரு பக்கம் ஏறி நின்றது. அதைத்தான் பார்த்தாள். பிறகு மெதுவாக, "நீங்களும் தொடச்சிட்டீங்க ஃபோர்மேன்" என்றாள்.

ஒப்படைப்பு என்றால் அவருக்கு என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்று ஆள் வந்து நிற்க வேண்டும், இருக்கிற பழுதையெல்லாம் அவனுக்கு ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும், அவன் "எடுத்துக்கிட்டேன்" என்று கை கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. நீ தொட்டிலில் கிடந்த காலத்தில், அவர் ஷிஃப்ட் முடிந்து வர, நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்ப, வாசலில் நின்று உன்னை அப்படித்தான் ஒப்படைப்பேன். பால் குடித்தாயிற்று, இருமல் இருக்கிறது, இடது காது சிவந்திருக்கிறது. அவர் எடுத்துக்கிட்டேன் என்று கை கொடுத்தால்தான் எனக்குப் பேருந்து. அப்படிப்பட்ட மனிதரைப் பொய்யாக ஒப்படைத்தவர் என்று அவர் வீட்டுச் சமையலறையிலேயே வைத்துச் சொல்லிவிட்டாள் அந்தப் பெண். எனக்கு அவளை அடிக்கலாம்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம்போலவும் இருந்தது.

முடிவை ஏற்கவில்லை என்று அவளே எங்களோடு உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டாள். இன்னொருவர் மறுபடி பார்க்க வருவார். இந்த முறை கேக் கூடாதாம். சுட்டால் முதலில் அவளே வந்து முழுவதையும் தின்றுவிட்டுப் போவாளாம். வீட்டையும் துடைக்கக் கூடாது, இருக்கிறபடி இருக்கட்டும் என்றாள். அதற்குப் பேசாமல் என்னை ரைன் ஆற்றில் தள்ளிவிடலாம்.

அவள் போனதிலிருந்து அப்பா சரியாகப் பேசவில்லை. கோபமா வருத்தமா தெரியவில்லை. பெட்டியில் ஒட்டிய தாளை மட்டும் இன்று காலை அவரே எடுத்து மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டார். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் தளரவில்லை, நீயும் தளராதே. பட்டறைக்காரர்களிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேள். அம்மா சொல்கிறேன், கையெழுத்துப் போடாதே.

அன்புடன்
அம்மா


ஷ்பயர்,
நவம்பர் 22

என் கண்ணான ஸ்வென்யாவுக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ படிக்க மாட்டாய். உன் பழக்கம் எனக்குத் தெரியும். எனவே வரிசையாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இந்த முறை வந்தவர் ஒல்லியான மனிதர், முன்பு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவராம். வெளியே மழை, காலில் சேறு. சேற்றை மிதியடியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். வழக்கமாக என்றால் எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்திருக்கும். அன்று வீடு இருந்த லட்சணத்துக்கு அவர் சேறுதான் கொஞ்சம் சுத்தம். ஜன்னலில் மழைக்கறை, மூலையில் துவைக்காத துணி. மேசையில் தண்ணீரும் ஆப்பிளும் மட்டும். விருந்தாளிக்கு ஒரு துண்டு கேக் இல்லாமல் நான் நின்ற நிற்பை என் அம்மா பார்த்திருந்தால் கல்லறையிலிருந்து எழுந்து வந்திருப்பாள்.

அப்பா காலையிலிருந்தே ஒரு முடிவோடு இருந்தார். தன் பழைய தொழிற்சாலைச் சட்டையை எடுத்துத் தரச் சொன்னார். ஐயோ, மறுபடியும் மிடுக்கு காட்டக் கிளம்பிவிட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். மாத்திரை நேரத்துக்கு முன்னாலேயே அந்த மனிதரை வரச் சொல்லியிருந்தோம், அது செலிஹா யோசனை. கை மேசையில் தடதடத்துக்கொண்டிருந்தது. அதை மறைக்க மற்றக் கையால் அழுத்திப் பிடிப்பாரே, அன்று பிடிக்கவில்லை. ஆடட்டும் என்று விட்டுவிட்டார்.

வந்தவர் கேள்விகளைத் தொடங்கப் போனார். அப்பா தடுத்தார். "முதல்ல நான் ஒப்படைச்சிடறேன். அப்புறம் நீங்க என்ன வேணா கேளுங்க" என்றார். குரல் மெலிந்துபோயிருந்தாலும் ஃபோர்மேன் குரல்தான். அவர் சொன்னதை எனக்கு நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.

"இடது கை ஓட்டத்துல இல்ல. கரண்டி நிக்காது. வலது கை ஓடுது, ஆனா காலைல மாத்திரை பிடிக்கிற வரைக்கும் அதை நம்ப முடியாது. பொத்தான், ஷூ கயிறு, சவரம் எல்லாம் ரோஸி. திரும்பும்போது கால் தரையில ஒட்டிக்குது, அவ கையைப் பிடிச்சாதான் கிளம்பும். குளிக்கத் தனியாப் போனேன், விழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பூசணம் பாத்தேன்னு சொன்னேன். பூசணம் பாக்கல. விழுந்தேன்."

அதற்கு மேலும் சொன்னார். கழிப்பறை விஷயம், படுக்கை விஷயம். அதை நான் எழுத மாட்டேன். அவர் அதை ஒப்படைத்தது அந்த மனிதரிடம், உனக்கு அல்ல. அந்த இடத்தில் அவர் திணறியபோது, சமாளிக்கிறோம் என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வைக்கு நான் அடங்கியது அன்று ஒருநாள்தான்.

முடித்துவிட்டார் என்று நினைத்தேன். முடிக்கவில்லை. தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தார், பாதி சட்டையில் சிந்தியது, துடைக்கவில்லை.

"கடைசியா ஆள் நிலவரம்" என்றார். "இந்த வீட்டுல ட்யூட்டியில இருக்கிறது ஒருத்திதான். காலை, மதியம், ராத்திரி மூணு ஷிஃப்ட்டும் அவதான் பாக்கறா. மாத்த ஆள் வரல. என் ஷிஃப்ட்டுல எவனையும் நான் இப்படி நிக்க விட்டதில்ல."

நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அழுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதேன். துக்கத்தில் அல்ல. இத்தனை நாளாக நான்தான் அவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் படியேறும்போது கைப்பிடியைப் பிடிப்பதை, ராத்திரி எழுந்து எழுந்து பகலில் தூங்கி வழிவதை, எல்லாவற்றையும். சொல்லத்தான் அவருக்கு வாய் இல்லை, ஒப்படைப்பு என்று வந்தால்தான் மனிதருக்குப் பேச்சே வருகிறது.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது அந்த மனிதர் பேனாவை மூடி வைத்திருந்தார். தானும் வார்டில் ஷிஃப்ட் பார்த்தவன்தான், இப்படி ஒரு ஒப்படைப்பைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்றார். பிறகு எழுந்து, அப்பாவின் ஆடுகிற கையை இரண்டு கையாலும் பிடித்து, "எடுத்துக்கிட்டேன்" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது முடிவைச் சொல்கிறேன். மூன்றாவது நிலை. அரசாங்கக் காப்பீடும் உண்டு, தொழிற்சாலைக் காப்பீடும் உண்டு. முதல் போன் செலிஹாவுக்குத்தான் போட்டேன். அப்பா என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, சக்கர நாற்காலி எந்த நிறத்தில் வரும் என்று கேட்டார். ஃபோர்மேனுக்கு என்று தனியாக மணி வைத்த நாற்காலி செய்யச் சொல்லியிருக்கிறேன் என்றாளாம் அவள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

போன வாரத்திலிருந்து காலையில் தனுதா வருகிறாள். போலந்துக்காரி, என் வயதிருக்கும், கை இரும்பு மாதிரி. அவரை எழுப்பிக் குளிக்கவைத்து உடுத்திவிட்டுத்தான் போகிறாள். வாரத்தில் இரண்டு பிற்பகல் வேறொருத்தி வந்து கூட இருக்கிறாள். தனுதாவை முதல் நாளே அப்பா குறுக்கு விசாரணை செய்தார். எங்கே வேலை பார்த்தாய், எத்தனை பேரைத் தூக்கியிருக்கிறாய் என்று. தான் காபி குடித்து முடிக்கும்வரை நோயாளிகள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் தன் முதல் விதி என்றாள் அவள். அப்பாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அன்று காலை வாசலில் என்னை நிறுத்தி, தனுதாவிடம் முறையாக ஒப்படைக்கச் சொன்னார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். எங்கே வலிக்கிறது, எது பிடிக்காது, எந்தக் காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும், எல்லாம். அவளும் சிரிக்காமல் கேட்டு எனக்குக் கை கொடுத்தாள். கொடுத்த பிறகு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அப்பாதான் நாற்காலியிலிருந்து சொன்னார், "ரோஸி, மாத்த ஆள் வந்தாச்சு. கேட்டைத் தாண்டிப் போ."

போனேன். நீச்சல் குளத்துக்குப் போனேன், எத்தனையோ நாளுக்குப் பிறகு. தண்ணீரில் மல்லாந்து கிடந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அது என்ன சுகம் தெரியுமா.

இனி உனக்கு எழுதும்போது நானும் துடைத்துவிட்டு எழுதப்போவதில்லை. அதனால் இதையும் கேட்டுக்கொள். இந்த நோய் இறங்காது, ஏறத்தான் செய்யும். டாக்டர் அதை மறைக்கவில்லை. சில நாள் அப்பாவின் பேச்சு எனக்கே புரியாமல் போகிறது. என் முதுகு மோசம், அதைக் காட்ட அடுத்த வாரம் போகிறேன். ஒரு கசிவு இருக்கிறது, இரண்டு கசிவு இருக்கிறது, ஆனால் ஆலை ஓடுகிறது. பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது.

எனவே அந்தத் தலைமைப் பதவியை வாங்கிக்கொள். நாளைக்கே போய்ச் சரி என்று சொல். உன் அப்பா தன் நடுங்குகிற கையைப் பிறத்தியார் முன்னால் மேசைமேல் வைத்தது எனக்காக மட்டும் இல்லை, உனக்காகவும்தான். நீ வேலையை விட்டு வந்து நின்றால் அவர் அன்று சொன்னதெல்லாம் வீண். மாற்று ஆளாக நீ வர வேண்டாம், அந்த இடம் நிரம்பிவிட்டது.

ஆனால் கிறிஸ்துமஸுக்கு வா. மகளாக வா. ஜன்னல் துடைக்க மாட்டேன், கேக் மட்டும் சுடுவேன். காலையில் தனுதா அப்பாவை உடுத்திவிட்டுப் போன பிறகு, மாத்திரை பிடிக்கிற அந்த ஒன்றிரண்டு மணி நேரம் அவர் ஆற்றங்கரைப் படித்துறை வரை இன்னும் நடக்கிறார். நீ கையைப் பிடித்துக்கொண்டால் அதற்கு அப்பாலும் நடப்பார் என்று நினைக்கிறேன். தொழிற்சாலையைப் பற்றிப் பேசுவார், நீ கப்பலைப் பற்றிப் பேசு. அவர் பேச்சு புரியாவிட்டாலும் தலையாட்டு. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் தள்ளிப்போடாதே, கண்ணே.

உனக்கு எல்லா ஆசியும் உண்டு. அப்பா தன் வலது கையால் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கோணலாகத்தான் இருக்கிறது, துடைக்காமல் அப்படியே அனுப்புகிறேன்.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா